கவுந்த தோணி வீட்டு அக்கா

அக்கா இறந்துவிட்டார். காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார் என்றெல்லாம் எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது. "செத்துப்போயிட்டாள்னு எழுதுங்க, எல்லாருக்கும் வெளங்கும்" என்றிருப்பார். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

சென்ற மாதம் ஆத்தூரிலிருந்து புன்னைக்காயல் போகும் சாலையில் ஒரு வேலையாகப் போனபோது அவர் வீட்டைப் பார்த்தேன். சாதாரணத் தகரக் கூரை. யாரும் வண்டியை நிறுத்திப் பார்க்கவில்லை. நான் அங்கே தங்கியிருந்த காலத்தில் அந்தச் சாலைக்குப் புதிதாக வருகிற எந்தக் காரும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனதில்லை. அப்போது அந்த வீட்டுக்குக் கூரையாக இருந்தது ஒரு முழுத் தோணி.

படகு அல்ல, தோணி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போன பழைய மரத்தோணி. அதைத் தலைகீழாகத் திருப்பி நான்கு சுவர்களின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கடலுக்கடியில் இருக்க வேண்டிய அடிமரம் வீட்டின் உச்சியில் ஓடியது. உள்ளே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், யாரோ ஒரு பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளை நமக்கு மேலே கவிழ்த்து வைத்தது போலிருக்கும். மழை ஈரம் பட்டால் பலகைகளில் ஊறியிருந்த மீனெண்ணெய் வாடை கிளம்பும். அறைகளைப் பிரித்த தடுப்புகள் அந்த வளைவுக்கு எட்டாமல் பாதியிலேயே நின்றுவிட்டதால், ஓர் அறையில் பேசுவது எல்லா அறைகளிலும் கேட்கும். இதைத்தான் அவர் விருந்தினர் மாளிகையாக நடத்திவந்தார்.

சாகுபுரம் ஆலையில் ஆய்வகப் பணிக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒதுக்கிய குடியிருப்பில் இன்னும் வேலை முடிந்திருக்கவில்லை. அதுவரை தங்க இடம் தேடியபோது கூட வேலை பார்த்தவர் ஒருவர் இந்த வீட்டின் எண்ணைக் கொடுத்தார். அழைத்தேன். எடுத்தவுடன் அவர் குறைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ரெண்டாவது அறை மழைக்கு ஒழுகும். மூணாவது அறையில் வவ்வால் வரும், ஒன்றும் செய்யாது. கடல் தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய், உப்பளம்தான் தெரியும். சண்டை போடுகிற ஆட்களாக இருந்தால் வெளியே மணலில் நின்று போட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இனிம வாரதுன்னா வாங்க" என்றார்.

போனேன். கட்டையான, கறுத்த, அறுபதை நெருங்கிய பெண். கழுத்தில் மாதா படம் போட்ட கறுப்புக் கயிறு. யார் என்ன சொன்னாலும் கேட்டு முடிக்கும் வரை கண் இமைக்காமல் பார்ப்பார். அதுதான் முதலில் தொந்தரவாக இருந்தது. பிறகு அவர் கேள்வி கேட்கும் விதம். கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாம் மழுப்பினால் அது காதில் விழாதது போல மேலும் காத்திருப்பார்.

வந்த அன்று என் கணவர் எங்கே என்று கேட்டார். வேலை விஷயமாகச் சென்னையில் இருக்கிறார் என்றேன். எங்கள் ஊர் நாசரேத்தில் என் பெற்றோர் உறவினர்களிடம் சொல்லிவந்த பதில் அது. எனக்கும் வாய்க்குப் பழகியிருந்தது. சரி என்று போய்விட்டார். மறுநாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "நேத்து நீங்க சொன்னது பொய்தான?" என்றார். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. சட்னியில் உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். பிறகு முழங்காலில் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். பிரிந்து வெகு காலமாகிறது என்று சொன்னேன். அதை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. "சரி" என்று எழுந்து அடுத்த தோசை ஊற்றப் போனார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அந்தக் கரையில் கடலுக்குப் போகிற குடும்பங்கள் 'கவிழ்ந்த' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். தோணியைத் தலைகீழாக வைத்தால் 'திரும்பின தோணி' என்பார்கள். வீட்டு வாசலில் அக்காவின் மகள் மாட்டிய பலகையில் ஆங்கிலத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது. இவர் மட்டும் போனில் வழி கேட்பவர்களிடம் ஊருக்கே கேட்கும்படி "கவுந்த தோணி வீடுன்னு கேளுங்க" என்பார். மீன் கொண்டுவரும் பெண் சாலையோரமாகவே கூடையை இறக்குவாள். எத்தனை வெயிலானாலும் கூரைக்கு அடியில் வரமாட்டாள். ஒரு நாள் இவர் கேட்டார், இத்தனை வருஷமாக நான் அடியில்தானே இருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று. அந்தப் பெண் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்க வாய்க்கு அதுவே பயந்துபோயி கெடக்கும்" என்றாள். அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு முறை கட்டடக்கலை மாணவர்கள் ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். கூட வந்த பேராசிரியர் உள்ளே நின்று வெகுநேரம் மேலே பார்த்தார். இதைக் கட்டும்போது உங்கள் மனதில் என்ன கருத்து இருந்தது என்று கேட்டார். சுவர் எழுப்பியாயிற்று, கூரை போட வழியில்லை, தோணி ஓட்டத்துக்கு உதவாமல் ஆற்று முகத்தில் சும்மா கிடந்தது, தூக்கி வைத்தோம் என்றார் அக்கா. பேராசிரியர் விடவில்லை. ஏதாவது ஒரு எண்ணம் இருந்திருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா உண்மையிலேயே யோசித்தார்.

"இருந்துச்சி. நனையக் கூடாதுன்னு."

மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

எல்லா நேரமும் இப்படிச் சிரிக்கும்படி இருக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாத்தான்குளத்திலிருந்து வந்து சில நாள் தங்கினார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரே பேச்சு, வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி. நாள் தவறாமல் கூப்பிடுவான், அப்பா சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் அவன் சாப்பிட மாட்டான் என்பார். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, குழம்பை ஊற்றிக்கொண்டே அக்கா, "வந்ததுல இருந்து ஒங்களுக்கு ஒரு போனும் வரலியே" என்றார். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார். ஆட்டோ வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வெளிக்கல்லில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குசினிக்குள் போய், அடுப்பு முன்னால் நின்ற அக்காவிடம் கோபப்பட்டேன்.

"நான் பொய்யா சொன்னேன்?" என்றார்.

பொய் இல்லை, ஆனால் அவர் உங்களிடம் கேட்டாரா என்றேன்.

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையில் நான் ஆலையிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தார். நீங்கள் சொன்னது சரி, கேட்காமல் சொல்லக் கூடாது என்றார். அதற்குப் பிறகு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாத வேலையைச் செய்பவரைப் போலத்தான் இருந்தது அது.

அவருக்கு ஒரே மகள். தூத்துக்குடியில் சரக்குக் கப்பல்களுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இணையத்தில் முன்பதிவு, படங்கள், விருந்தினர்களின் விமர்சனங்களுக்குப் பதில் எல்லாம் அவள் பொறுப்பு. தாயின் வாயால் கெட்டதையெல்லாம் சரிக்கட்டுவதற்கே அவளுடைய ஞாயிற்றுக்கிழமை சரியாகப் போய்விடும். அந்த வருஷம் அவளுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தோணியின் கிழக்குப் பக்கப் பலகைகள் உளுத்துப்போயிருந்தன. தச்சர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை பார்க்காவிட்டால் நிற்காது என்று சொல்லிவிட்டார். வேலை பார்க்க வேண்டுமென்றால் ஆட்கள் வந்து தங்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கேமராவும் கையுமாக ஓர் இளைஞன் வந்தான். யூடியூபில் ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுபவன். அக்கா ஒரு மணி நேரம் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவன் போய்ப் போட்ட படத்தில் அவர் குரலே இல்லை. சோகமான இசை இருந்தது. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பது மெதுவாக ஓடியது. கடலுக்குப் போன கணவர் திரும்பவேயில்லை, தோணி மட்டும் தனியாகக் கரை வந்தது, அதன் அடியில் இன்றும் அவருக்காகக் காத்திருக்கிறாள் ஒருத்தி என்று அவனே பேசியிருந்தான். உண்மையில் அக்கா அப்போது உப்பளப் பக்கம் போன கோழியைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள் என்றாள் மகள். எல்லா அறைகளும் நிரம்பின. தச்சருக்கு வரச்சொல்லித் தகவல் போயிற்று. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருவது போல வந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் வாசலிலேயே திருத்தினார். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பெண் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அக்கா அவள் கைகளை மெல்ல விலக்கி, "எதுக்கு அழுவுதிய? அவரு கடல்ல சாவல. பெரியாஸ்பத்திரில மஞ்சக்காமாலையில செத்தாரு. குடிக்காதீயன்னு சொன்னேன், கேக்கல" என்றார். அந்தக் குடும்பம் மாலை வரைகூட இருக்கவில்லை. ஏமாற்று வேலை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாய்க்கும் மகளுக்கும் நடந்த சண்டை தடுப்புக்கு மேலாக என் அறைக்கு முழுதாகக் கேட்டது. பொய் சொல்லச் சொல்லவில்லை, மழை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றாள் மகள். அப்பா தொழில் பார்த்த தோணி கண்ணுக்கு முன்னால் இடிந்து உட்கார்ந்துவிடுமே என்று அழுதாள். பிறகு, சரி என்று அக்கா சொல்வது கேட்டது.

சொன்னபடியே இருந்தார். யாராவது கணவரைப் பற்றிப் பேச்செடுத்தால் குசினிக்குள் போய்விடுவார். அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும், தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும் போல. முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

குமரிக் கரையிலிருந்து அந்தப் பெண் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. பேருந்து மாறி மாறி வந்திருக்கிறாள், அறை எதுவும் பதிவு செய்யவில்லை. முன்கூடத்தில் மகள் கணினியோடு உட்கார்ந்திருந்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவள் தன் கதையைச் சொன்னாள். கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போன விசைப்படகு திரும்பவில்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஏதோ ஒரு நாட்டில் பிடித்து வைத்திருப்பார்கள், வந்துவிடுவார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாமியார் தினமும் மகனுக்குச் சேர்த்தே உலை வைக்கிறார். கலர் சேலை உடுத்தச் சொல்கிறார்கள், பூ வைக்கச் சொல்கிறார்கள். தன்னால் முடியவில்லை. போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷம் காத்திருக்கிற ஒருவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறாள்.

"ஒங்களால எப்படிக்கா காத்திருக்க முடியுது?" என்று கேட்டாள்.

அக்கா மகளைப் பார்த்தார். மகள் தலையைக்கூட அசைக்கவில்லை. பார்வையால் மட்டும் கெஞ்சினாள். குசினிக் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார் என்றுகூட எனக்கு ஞாபகம். பிறகு திரும்பி வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏளா, நான் யாருக்காவயும் காத்திருக்கல. அந்தப் பய சொன்னது பொய். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில செத்தாரு. நாந்தான் கண்ண மூடிவிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. அப்போ நான் இவ்வளவு தூரம் வந்தது எதற்கு, என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே வந்தேன், பிழைப்புக்காக இப்படியும் செய்வீர்களா என்று கேட்டாள். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகள் கண்களை மூடிக்கொண்டாள். வாசல் வரை போனவளைத் தடுக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்கா கேட்டார்.

"எல்லாரும் வருவாருன்னு சொல்லுதாவ, சரி. நீ என்ன நெனைக்க?"

கேட்டுவிட்டு முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டார்.

அவள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றதால் முகம் எனக்குத் தெரியவில்லை. சாலையில் ஒரு உப்பு லாரி போனது. அது போன பிறகும் அவள் பேசவில்லை. நானாக இருந்தால் அந்த அமைதியைத் தாங்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா அசையவில்லை.

"அவரு இல்லக்கா" என்றாள் கடைசியில். பிறகு நின்றபடியே கொட்டிவிட்டாள். தேடிப்போன படகுக்காரர்களில் ஒருவர் மாமனாரிடம் பேசியதைச் சுவருக்கு அந்தப்புறமிருந்து அவள் கேட்டிருக்கிறாள். பச்சை அடித்த பலகைகள் மிதந்தன என்றாராம். அவர்கள் படகும் பச்சை. மாமனாருக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறாள். "எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் எனக்கிட்ட கேட்டதில்ல."

பை கையிலிருந்து நழுவியது. மகள்தான் முதலில் எழுந்து ஓடி அவளைப் பிடித்தாள்.

அன்று அவள் அங்கேயே தங்கினாள். மறுநாள், செத்தவர்களுக்கு வைப்பது போல அவருக்காக ஒரு பூசை வைக்க வேண்டும், ஊரில் முடியாது, இங்கே வைக்கலாமா என்று கேட்டாள். அக்கா அவளை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். வீட்டாருக்குத் தெரியாமல் எப்படி என்று பங்குச் சாமியார் தயங்கினாராம். இவள் பெண்டாட்டி, இவளுக்குத் தெரிந்தால் போதாதா என்று அக்கா கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் காலைப் பூசைக்கு நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நானும் கிறிஸ்தவள்தான், ஆனால் வேறு சபை, முழங்கால்படியிட வேண்டிய இடம் எல்லாம் தெரியாமல் கடைசி வரிசையில் நின்றேன். மகள் அலுவலகத்துக்குப் போகாமல் முக்காடு போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தாள். இறந்தவர்களின் பெயர்களோடு அவள் கணவர் பெயரையும் சாமியார் வாசித்தார். இரண்டு வருஷமாக உயிரோடு இருப்பவராகவே பேசப்பட்ட ஒருவரின் பெயர் அது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யாரோ கூப்பிட்டுவிட்டது போல நிமிர்ந்து பார்த்தாள்.

மகள் அன்றே அந்த இளைஞனுக்கு எழுதி, படத்தை நீக்கச் சொன்னாள். அவன் நீக்கவில்லை. முன்பதிவுப் பக்கத்தில் அவளே உண்மையைப் போட்டாள். அறைகள் காலியாயின. தச்சருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் கிழக்குப் பக்கம் இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. அப்போது நான் குடியிருப்புக்கு மாறியிருந்தேன். பார்க்கப் போனபோது தோணியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வருத்தமாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன். ஆமா என்றார். பிரித்தெடுத்த பலகைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது அந்தக் காட்சி அல்ல. பூசை முடிந்து அந்தப் பெண்ணை அனுப்பிவைக்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். திருச்செந்தூர் வண்டி வந்தது. அவள் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் மகளும் என்ன சொல்வதென்று தெரியாமல், பார்த்துப் போங்கள், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இனி என்ன செய்யப்போற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம் போல, காத்திருந்தார். நடத்துநர் விசிலை வாயில் வைத்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் ஊதாமல் நின்றார்.

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"கொஞ்ச நாளு தூங்கணும்க்கா" என்றாள்.

"தூங்கு" என்றார் அக்கா, கம்பியை விட்டார்.